பானைக்குக் கட்டாத வேடு

அத்தியாயம் பதினொன்று

கோமதித்தாய்க்குக் கால் வலி. போன அத்தியாயத்தில் நடுவப்பட்டியின் கரிசல் காட்டில் அவளை நடக்க விட்டுவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். அந்த வலியே இன்னும் இறங்கவில்லை. அதற்குள் விடிந்துவிட்டது. இன்றைக்குச் சுண்டங்குளம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. புருஷன் போய் இரண்டு வருஷமாகக் கோமதித்தாய் சங்கரன்கோவிலில் அண்ணன் காசிராஜன் வீட்டில் இருக்கிறாள். காசிராஜன் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, அபிவிருத்தி ஆபீசில் விஞ்ஞானக் கண்காட்சி நடத்தும் வேலைக்குப் போனவன். தற்காலிக வேலைதான். நரம்புச்சிலந்தி என்கிற புழுவைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்லுவான். ஸ்பிரிட்டில் மிதக்கும் புழு ஒரு குப்பியில், ஒரு பூதக்கண்ணாடி, படம் எழுதிய துணிச்சுருள். படிக்கட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி உண்டு, அதைக் குடித்தால் வருஷம் கழித்து முழ நீளப் புழு காலைத் துளைத்துக்கொண்டு வரும், துணியில் வடிகட்டிக் குடித்தால் வராது. இதுதான் பாடம். கடைசியில் வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துணி இனாம். அதைப் பானை வாயை மூடி இழுத்து வேடாகக் கட்டிவிட்டு, அதன் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும்.

இப்போது மேலிடத்தில் கேட்கிறார்கள்: ஜனங்கள் இதனால் என்னதான் கற்றுக்கொண்டார்கள்? பதில் நன்றாக இருந்தால் காசிராஜனுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஆனியோடு சரி. அந்தப் பதிலைக் கேட்டு வரும் பொறுப்பு அவன் தங்கச்சி தலையிலேயே வந்து விழுந்ததுதான் இந்தக் குடும்பத்தைப் பிடித்த கிரகம்.

யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சொல்லிக் கொடுத்தவனே போய்க் கேட்கக் கூடாது, பெண்களிடம் ஒரு பெண்தான் கேட்க வேண்டும் என்று கேள்வி கேட்கிற முறையை வகுப்பெடுக்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஞானபூரணம் அம்மாள் சொல்லிவிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்து, சித்திரை வெயிலில் நடக்கவும் சம்மதிக்கிற பொம்பளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் காசிராஜனுக்கு என்ன உறவு என்று கேட்டார் அந்த அம்மாள். தங்கச்சி என்றாள். அப்படியானால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார். அதோடு சரி, மேலே பாடத்தை நடத்தப் போய்விட்டார்.

புறப்படும்போது மதினி பார்வதியம்மாள் தூக்குச்சட்டியில் நீராகாரம் ஊற்றிக் கொடுத்தாள். கூடவே இரண்டு தரம் சொன்னாள், பார்த்துக் கேள் என்று. அதற்கு என்ன அர்த்தம் என்று கோமதித்தாய்க்குத் தெரியும். இனாமாகக் கொடுத்த அந்தத் துணிகள் எல்லாம் மதினியின் கை பட்டவை. கடையநல்லூர்த் தறியிலிருந்து வந்ததை வெட்டி, ஓரம் மடித்து, ராத்திரி பகல் பாராமல் தைத்துக் கொடுத்தவள் அவள். ஒருவரும் அவளுக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. காசிராஜனும்தான்.

ராஜபாளையம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிப் போட்ட காட்டு வழியே நடந்தாள். நேற்றுப் பார்த்த நடுவப்பட்டி மனசை அரித்துக்கொண்டே வந்தது. அந்த ஊருக்குக் கண்காட்சி போனதே இல்லை. அங்கே எதற்குப் போவது என்று வகுப்பில் இவளே கேட்டிருந்தாள். கண்காட்சிக்கு முன்னால் சுண்டங்குளத்துக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், ஒருவரும் கேட்கவில்லை, இப்போது போனதை இழுத்துவர முடியாது, அதனால் பக்கத்திலேயே போகாத ஊர் ஒன்றைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று ஞானபூரணம் அம்மாள் விளக்கினார்.

நடுவப்பட்டியில் புழு எப்படி வருகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. சூடு என்றார்கள், தெய்வக் குத்தம் என்றார்கள். ஆனால் தண்ணீரை மட்டும் பழைய சீலை முந்தியை நாலாக மடித்து வடித்தார்கள். தூசி தும்பு விழக்கூடாதாம். மாமியார் செய்ததை மருமகள் செய்கிறாள், அவ்வளவுதான் காரணம்.

சுண்டங்குளத்தில் முதல் வீடு முருகம்மாளுடையது. ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கேள்வியை முடிக்க விடவில்லை. தண்ணீரில் பூச்சி, பூச்சி வயிற்றுக்குள், வயிற்றிலிருந்து புழு, வேடு கட்டி வடிகட்ட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அடுத்த வீட்டு இசக்கித்தாயும் அப்படியே. அதற்கடுத்த வீடும் அப்படியே. காசிராஜன் சொல்லுகிற வரிசை மாறாமல், அவன் இருமுகிற இடத்தில் இவர்களும் கொஞ்சம் நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தார்கள். கோமதித்தாய் தாளில் எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு மனசு லேசானது. அண்ணன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்தாள். ஆனி போனாலும் வீடு நிலைக்கும், தனக்கும் ஒரு மூலை இருக்கும் என்றும் நினைத்தாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடம் இல்லாதவளுக்கு இடத்தைப் பற்றிய நினைப்புத்தான் முதலில் வரும்.

உச்சி வெயிலுக்கு வெள்ளத்துரை வீட்டில் போய் உட்கார்ந்தாள். வெள்ளத்துரை கட்டிலில் கிடந்தான். கணுக்காலுக்கு மேலே ஒரு புண். அதிலிருந்து நூல் மாதிரி ஒன்று வெளியே வந்து ஒரு குச்சியில் சுற்றியிருந்தது. தினம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும், இழுத்தால் அறுந்துபோகும். கோடை உழவுக்குப் போக வேண்டியவன் இப்படிக் கிடக்கிறான்.

"அண்ணாச்சி நல்லாச் சொன்னாரும்மா," என்றான் வெள்ளத்துரை. "வருசம் கழிச்சு வரும்னாரு. சொன்ன மாதிரியே வந்துட்டு பாருங்க."

கேலி இல்லை. உண்மையாகவே பாராட்டித்தான் சொன்னான். கண்காட்சி நடந்தது போன சித்திரையில். அதற்குப் பிறகு குடித்த தண்ணீர்தான் இந்தச் சித்திரையில் குச்சியில் சுற்றிக்கொண்டு வருகிறது. அவன் பெண்சாதி முத்துத்தாய் கொடுத்த செம்புத் தண்ணீரை வாயருகே கொண்டுபோன கோமதித்தாய் உள்ளே பார்த்தாள். பாசி இழை ஒன்று மிதந்தது.

அடுக்களைப் பானைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றிலும் வேடு இல்லை. துணி எங்கே என்று கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி முத்துத்தாய் மரப்பெட்டியைத் திறந்து எடுத்து வந்தாள். மடிப்புக் கலையாமல் இருந்தது. மதினியின் தையல், நூல் ஒன்று பிரியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட அடையாளமும் இல்லை.

தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பார்கள், செய்கிறீர்களா என்று கேட்டால் செய்கிறோம் என்பார்கள், காட்டச் சொல்லுங்கள் என்று ஞானபூரணம் அம்மாள் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. காலையிலிருந்து இவள் ஒரு வீட்டிலும் காட்டச் சொல்லவில்லை. நல்ல பதில் வந்த சந்தோஷத்தில் மறந்துபோயிற்று.

"முன்னாடி எதுல வடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"பழஞ்சீலையிலதான் தாயி. அழுக்குச் சீலை ஆகாது, நான் குடுக்கிற துணியிலதான் வடிக்கணும்னு அண்ணாச்சி சொன்னாக. படிச்சவுக சொல்லு. அதோட விட்டுட்டோம்."

"அப்ப இதுல வடிக்கலாம்லா?"

முத்துத்தாய், கோமதித்தாய் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"உங்க முன்னால அதை எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

கோமதித்தாய்க்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்காமல் போயிருக்கலாம். சாம்பல் அள்ளிய அன்றைக்கு, அவள் கொழுந்தன் ஒரு கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாபநாசத்துக்குப் புறப்பட்டான். கலயத்தின் வாயில் கோடி வெள்ளைத் துணி வேடு கட்டியிருந்தது. மஞ்சள் படாத புதுத் துணி. உள்ளே இருந்தது அவள் புருஷன். அந்தத் துணியின் முடிச்சைத்தான் கடைசியாகப் பார்த்தாள்.

"கலயம் ஞாபகம் வருதா?" என்று கேட்டேவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிலை நீங்களே அவர்கள் வாயில் போடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். முத்துத்தாய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். இனி இந்த வீட்டுப் பதில் கணக்கில் சேராது. அழுகை நிஜம்தான், ஆனால் சொன்னது இவள்.

எழுந்தாள். கால் எழுந்திருக்க மாட்டேன் என்றது. மறுபடியும் முதல் வீட்டிலிருந்து போக வேண்டும், இந்தத் தடவை ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் போக வேண்டும். துணியைப் பானையில் கட்டிக் காட்டுங்கள், அவ்வளவுதான் கேள்வி.

முருகம்மாள் சிரித்துக்கொண்டே துணியை எடுத்து வந்தாள். பானைப் பக்கம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. பானை ஈரமாக இருக்கிறது என்றாள். அவுக காட்டிலிருந்து வரட்டும் என்றாள். கடைசியில் மூலையில் கிடந்த ஓலைக் கடகத்தை இழுத்துப் போட்டு, அதன் வாயில் துணியை விரித்து, சுருக்கமே இல்லாமல் இழுத்துக் கட்டிக் காட்டினாள். இதைவிட அழகாகக் காசிராஜனே கட்டியதில்லை. கட்டத் தெரிகிறது. பானையில்தான் கட்டவில்லை. இசக்கித்தாய் துணியைக் கொண்டுவந்து கோமதித்தாய் கையில் கொடுத்து, நீங்களே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். அடுத்த வீட்டுக்காரி துணியைக் காணவில்லை என்றாள். துணி அவள் கண் முன்னாலேயே கொடியில் கிடந்தது. மூன்றையும் கோமதித்தாய் அப்படியே தாளில் எழுதிக்கொண்டாள்.

ஒருவரும் காரணத்தைச் சொல்லவில்லை. தாலி அறுத்தவள் முன்னால் எப்படிச் சொல்வார்கள்? காசிராஜன் வந்தபோதும் சொல்லியிருக்க மாட்டார்கள். இலவசமாகக் கொடுக்க வந்த மனுஷனிடம், நீ கொடுத்தது அபசகுனம் என்று எந்த வீட்டில் சொல்லுவார்கள்? மரியாதை தெரிந்த ஊர். அந்த மரியாதைதான் வெள்ளத்துரையைக் கட்டிலில் போட்டிருக்கிறது என்று நினைத்தபோது, அவளுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. அண்ணன் மேல், ஊர் மேல், தன் வெள்ளைச் சேலை மேல். வெயிலில் கோபமும் நிற்கவில்லை, அசதிதான் நின்றது.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தாள். காலையில் எழுதிய தாள்களை மட்டும் கொடுத்தால் என்ன? அதில் பொய் ஒன்றும் இல்லை. சுண்டங்குளத்துக்காரர்களுக்கு எல்லாம் தெரியும், நடுவப்பட்டிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண்காட்சி ஜெயித்துவிட்டது. ஒன்றும் தெரியாத ஊர் வடிகட்டிக் குடிக்கிறது, எல்லாம் தெரிந்த ஊர் அப்படியே குடிக்கிறது என்பதை விட்டுவிட்டால் போதும்.

மதினி வாசலிலேயே நின்றாள். என்ன சொன்னார்கள் என்று முகம் கேட்டது, வாய் கேட்கவில்லை. எல்லாரும் நன்றாகத்தான் பதில் சொன்னார்கள் என்றாள் கோமதித்தாய். பார்வதியம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு வருஷமாக அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைக் கோமதித்தாய் பார்த்ததில்லை. அம்மன் சந்நிதிக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே காப்பிக்குப் பாலும் வாங்கிவருகிறேன் என்று செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தான் சொன்னது பொய்யா, நிஜமா என்று கோமதித்தாய்க்கே தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

அடுக்களையில் தனியாக நின்றாள். பையில் ஒரு துணி இருந்தது, ஊர்களில் காட்டுவதற்கு என்று கொண்டுபோனது. அதை எடுத்தாள். குடிதண்ணீர்ப் பானையின் மூடியை எடுத்துவிட்டு, துணியை விரித்து, கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். ஏன் கட்டினாள் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்லலாம். சுண்டங்குளத்தில் மட்டும்தான் இப்படியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தெம்பும் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பார்வதியம்மாள் திரும்பினாள். நெற்றியில் குங்குமம், கையில் பால் செம்பு. அடுக்களைக்குள் கால் வைத்தவள் பானையைப் பார்த்தாள். செம்பை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பாய்ந்து வந்து துணியை ஒரே இழுப்பில் உருவி எறிந்தாள்.

"கூறு இருக்கா ஒனக்கு? வெளிய போன மனுசன் வீடு திரும்புத நேரத்துல, பானையில இதைக் கட்டி வச்சிருக்க!"

சொல்லி முடிக்கவில்லை. கீழே கிடந்த துணியின் ஓரம் கண்ணில் பட்டது. தன் கைத் தையல். குனிந்து எடுத்தாள். ஓரத்தை விரலால் ஒரு முழம் தடவிப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவுகளும் கட்டலியா?" என்று கேட்டாள்.

கோமதித்தாய் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஒருத்தியுமா?"

"நான் போன வீடு ஒண்ணுலயும் கட்டல மதினி."

இத்தனை துணியையும் தைத்தவள் ஒரு துணியைக்கூடத் தன் வீட்டுப் பானையில் கட்டிப் பார்த்ததில்லை. தோன்றவே இல்லை. ஊராருக்குத்தானே தைத்தாள்.

காசிராஜன் சைக்கிளை நிறுத்திவிட்டு எப்போது உள்ளே வந்தான் என்று இருவரும் கவனிக்கவில்லை. மூடியில்லாத பானையையும், மனைவி மடியில் கிடந்த துணியையும், தங்கச்சி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கோமதித்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். முத்துத்தாய் வீட்டில் தான் செய்த தப்பையும் சேர்த்தே சொன்னாள். வெள்ளத்துரையின் கால் புண்ணையும் விடவில்லை. எப்போதும் குறுக்கே பேசுகிற காசிராஜன் இன்றைக்கு முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

"அழுக்குச் சீலைன்னு நான்தானே சொன்னேன்," என்றான் கடைசியில். "அந்த எடத்துல எல்லாரும் சிரிப்பாங்க. அதுக்காகவே ஊர் ஊருக்குச் சொன்னேன்."

பார்வதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மஞ்சளில் நனைத்துக் கொடுத்தால் கட்டுவார்களா என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியாது மதினி," என்றாள் கோமதித்தாய். "நாமளா முடிவு பண்ணித்தானே இப்படி ஆச்சு. கேக்கணும்."

மறுபடி நடக்க வேண்டும் என்பதை நினைத்ததும் கால் வலித்தது.

காசிராஜன் தண்ணீர் கேட்டான். பார்வதியம்மாள் எழுந்தாள். அது குழாய்த் தண்ணீர் அல்ல, தெருக்கோடிக் கிணற்றுத் தண்ணீர்தான். டம்ளரை எடுத்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கொடியில் கிடந்த தன் பழைய சீலையை இழுத்து, முந்தியை நாலாக மடித்து, டம்ளர் வாயில் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். காசிராஜன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். வாங்கிக் குடித்தான். முழுவதும் குடித்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு, காலையில் முதல் பஸ்ஸில் ஞானபூரணம் அம்மாள் வருகிறார் என்றான். கோமதித்தாய் எழுதி வைத்திருந்த தாள்களைக் கேட்டான்.

"நாளைக்கு நீ ஆபீசுக்கு வர வேண்டாம் தாயி. நடந்து நடந்து ஓஞ்சிட்ட. நானே சொல்லிக்கிடுதேன்."

"என்ன சொல்லுவண்ணே?"

அவன் கையை மட்டும் நீட்டினான். அண்ணன் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத கை, தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான், பஸ்ஸில் தான் நினைத்ததை அண்ணனும் நினைத்துவிட்டால் என்று அவளுக்குப் பயம் வந்தது.